வீக்கம் எனக்கு மட்டும்

என் பெண்டாட்டியின் மாத்திரை டப்பா மூடியைக் கழற்றி என் டப்பாவில் மாட்டி, என் மூடியை அவள் டப்பாவில் மாட்டியவன் நான். விளையாட்டுக்காக இல்லை. அவள் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பீரோ கதவுக்குப் பின்னால் நின்று செய்தேன். இரண்டு டப்பாவிலும் இருந்தது ஒரே மாத்திரை. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே ஜன்னலில் வாங்கியது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவள் டப்பாவில் இருப்பதுதான் நல்ல மாத்திரை என்று ஐம்பது தாண்டிய வயதில் நம்பினேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்தவர் யாராவது இருந்தால் கம்பத்துக்கு வாருங்கள், டீ வாங்கித் தருகிறேன். எனக்கு மட்டும் சீனி இல்லாமல். அந்தச் சீனிக்கும் ஒரு கதை இருக்கிறது.

எனக்கும் என் மனைவிக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை. தெரியாததால் அல்ல, இரண்டு பேருக்குமே தெரியும் என்பதால். அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது வேடிக்கை பேசித் தப்பித்திருப்பேன். அந்த வசதியையும் அவள் எனக்குச் செய்து கொடுக்கவில்லை.

கம்பத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை என்னுடையது. திராட்சைக்காரர்களும் வாழைக்காரர்களும் கேரிப்பையில் ஒரு இலையைப் போட்டுக் கொண்டுவருவார்கள். நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்ன நோய், இன்ன மருந்து என்று சொல்வேன். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் மழையின் மீது பழி போடலாம். இப்படி ஊரான் தோட்டத்து இலைக்கெல்லாம் வைத்தியம் சொன்னவன், சொந்த உடம்பு ஒரு வருஷமாக வற்றி, இடுப்பில் பேண்ட் நிற்காமல் போனபோது, 'வெக்கை' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவளுக்கும் பார்த்தார்கள். அவளுக்கும் இருந்தது. ஆனால் அவள் உடம்பில் நோயை எதிர்க்கிற தெம்பு ஓரளவு மிச்சம் இருந்தது. என் உடம்பில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றார்கள்.

தேனிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒன்று, ஒரே நேரத்துக்கு, வாழ்நாள் முழுக்க. அவரவர் ஆஸ்பத்திரி நம்பரை டப்பா உடம்பில் சின்னதாக எழுதியிருந்தார்கள். அதை வாசிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும். அவளுக்கும் வேண்டும், ஆனால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். அதனால் அவள் தன் டப்பா மூடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டாள். மெரூன் நிறம். பொட்டு வைத்தது அவளுடையது, மொட்டையாக இருப்பது என்னுடையது. குடும்ப வாழ்க்கைக்கு இதைவிடத் தெளிவான ஏற்பாடு கிடையாது.

மாதா மாதம் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் தேனி பஸ்ஸில் ஏறினால் ஊர் கேட்காதா? சுகர் செக்கப் என்று சொல்லிவைத்தேன். எனக்குத்தான் சுகர், அவள் துணைக்கு வருகிறாள் என்று. அன்றிலிருந்து எதிர்க்கடை பாய் என் டீயில் சீனி போடுவதை நிறுத்திவிட்டார். சுருளிப்பட்டியிலிருந்து வரும் விவசாயிகள் மருந்து வாங்க வரும்போதெல்லாம் ஒரு பை பாகற்காயோடு வந்தார்கள். என் மனைவி எனக்கு முன்னால் உட்கார்ந்து அல்வா தின்பாள். 'துணைக்குத்தான போறேன், எனக்கா சுகரு?' என்பாள். பொய் சொன்னது நான், கசப்பும் எனக்கே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அந்த மாத்திரை அவளிடம் நடந்துகொண்ட விதம்.

முதல் வாரம் அவளுக்குக் கொஞ்சம் தலைவலி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பசி வந்தது, தூக்கம் வந்தது, கன்னத்தில் சதை வந்தது. காலில் பல மாதமாக இருந்த சொறி உதிர்ந்து போனது. முடி கொட்டுவது நின்றது. இந்த மாத்திரையில் சிலருக்கு எடை கூடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சிலரில் ஒருத்தி என் வீட்டில்தான் இருந்தாள். பக்கத்துத் தெருவில் துணி தைக்கிற பெண் ஒருநாள் அளவு எடுக்க வந்தது.

"யக்கா, போன தீவாளிக்குத் தச்ச ஜாக்கெட்டு ஒண்ணும் பத்தாது. பிரிச்சு விடலாம்ண்டா உள்ள துணி இல்ல."

"புதுசாத் தச்சிரு" என்றாள் என் மனைவி, ஏதோ பட்டுக்கடை முதலாளி மாதிரி.

அந்தப் பெண் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னைப் பார்த்தது. "அண்ணந்தான் ரொம்ப வத்திப் போனாக. இருக்க சத்தையெல்லாம் அக்காவுக்கே ஊட்டி விட்டுட்டாகளோ?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊரில் எனக்குச் சிரிப்பு மூட்டுகிறவன் என்று பேர், அதனால் கட்டாயம் சிரித்தாக வேண்டும். உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் போட்டோ பிடிக்கிற பையன், "அய்யா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க, நெழல் விழுகுது" என்று சொல்லிவிட்டு அவளை மட்டும் எடுத்தான். அங்கேயும் சிரித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் பொறாமைப்படலாம், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கூடப் படித்தவன் மகன் வெளிநாடு போனால் வயிறு எரியலாம். ஒரே வீட்டில், ஒரே சொம்பில் தண்ணீர் குடித்து, ஒரே நேரத்துக்கு ஒரே மாத்திரை போடுகிறவள் நன்றாக இருக்கிறாளே என்று வெந்துபோனவன் என் அறிவுக்கு எட்டியவரை நான் ஒருத்தன்தான். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டவனும் நான்தான். வேண்டுதல் பலித்ததும் எரிச்சல் வந்தது.

ஏனென்றால் என் உடம்பில் நடந்தது வேறு. முதல் டப்பா முடிந்து இரண்டாவது டப்பா வாங்கிவந்த கையோடு எனக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. கழுத்தின் வலப்பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று தோன்றியது. சில நாளில் அது எலுமிச்சம்பழம் ஆனது. பக்கத்தில் ஒரு குட்டியும் போட்டது. தொட்டால் சூடு, திரும்பினால் வலி. மாத்திரை போடுவதற்கு முன்னால் நோஞ்சானாக இருந்தாலும் கழுத்து கழுத்தாக இருந்தது. மாத்திரை போட்டதும் இப்படி. அப்படியென்றால் என்ன அர்த்தம்? அவளைப் பிடித்த மாத்திரைக்கு என்னைப் பிடிக்கவில்லை.

காய்ச்சலோ வீக்கமோ வந்தால் உடனே வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. போனால் அவள் பாஸ், நான் பெயில் என்று வெளியே தெரிந்துவிடும். பரீட்சையே இல்லாத இடத்தில் பெயிலாகப் பயந்தேன்.

எதிர்க்கடை பாய்தான் வீக்கத்தை முதலில் பார்த்தார். டீ கிளாஸை வைத்துவிட்டு என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"அண்ணே, இது பொன்னுக்கு வீங்கிண்ணே."

"அது சின்னப் புள்ளைகளுக்கு வர்றதுல்ல பாய்?"

"ஒங்களுக்கு எல்லாமே லேட்டாத்தான வருது. தங்கச் சங்கிலியக் கழுத்துல போடுங்க. பொன்னு பட்டா எறங்கிரும்."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். தாடை வீங்கிய பிள்ளைகள் அம்மாவின் சங்கிலியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். என் வீக்கம் தாடையில் இல்லை, கழுத்தில் என்பதை பாயும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்க விரும்பவில்லை. பொன்னுக்கு வீங்கி என்றால் ஊருக்குச் சொல்லலாமே! சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"ஒஞ் சங்கிலியக் கழட்டிக் குடு."

"எதுக்கு? அடகு வைக்கவா?"

"கழுத்துல போட."

"யாரு கழுத்துல?"

"எங் கழுத்துலதான்."

"ஆத்தீ!" என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வருகிறவரை சிரித்தாள். சிரித்து முடித்தபின் சங்கிலியைக் கழற்றித் தந்தாள். தந்தபோது வீக்கத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்றாள். "மாசம் முடியட்டும்" என்றேன்.

பொன் படவேண்டும் என்பதற்காக மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லாம், "என்னண்ணே, இந்த வருசம் யாவாரம் ஓகோவா?" என்று கேட்டார்கள். ஒருத்தர் உரத்துக்குக் கடன் கேட்டார். வீக்கம் குறையவில்லை. சங்கிலி அதில் அழுந்தி வரி விழுந்ததுதான் மிச்சம்.

சங்கிலிக்குப் பிறகுதான் மூடி. அவளுடைய சங்கிலியைப் போட்டுக்கொண்டவனுக்கு அவளுடைய மாத்திரையையும் போட்டால் என்ன என்று தோன்றியது. ஏதோ ஒரு டப்பாவில் மருந்து நன்றாக அமைந்திருக்கலாம், இன்னொன்றில் அமையாமல் போயிருக்கலாம். பூச்சிமருந்தில் அப்படி நடக்கும், நானே பார்த்திருக்கிறேன். பொட்டு ஒட்டிய மூடி இப்போது என் டப்பாவில். மொட்டை மூடி அவள் டப்பாவில். அவள் பொட்டைப் பார்த்து எடுப்பாள், அதாவது என் டப்பாவிலிருந்து. நான் மொட்டையைப் பார்த்து எடுப்பேன், அதாவது அவள் டப்பாவிலிருந்து.

அதற்குப் பிறகு பத்து நாளாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய மோசமான மாத்திரையைத் தின்று ஒரு சின்ன வீக்கமாவது வரவேண்டாமா? பெரிதாக வேண்டாம், ஒரு சுண்டைக்காய் அளவு போதும். அவள் இன்னும் கொஞ்சம் மினுமினுத்தாள். "என்ன, புதுசாக் கல்யாணம் ஆனவரு மாதிரி பாக்குறீக?" என்று கேட்டாள். 

அப்போதுதான் சுருளிப்பட்டித் திராட்சைக்காரர் ஒருத்தர் கடைக்கு வந்தார். கேரிப்பையிலிருந்து ஒரு கொத்து இலையை மேஜையில் கொட்டினார். ஓரமெல்லாம் கருகி, சுருண்டிருந்தது.

"மருந்து அடிச்ச மக்கியா நாளே இப்புடி ஆயிருச்சு. கருமம், என்ன மருந்துய்யா குடுத்த?"

"எம்புட்டுக் கலக்குனீக?"

"நீ சொன்னதுக்கு மேல ஒரு மூடி ஊத்துனேன். வெரசாக் கேக்கட்டுமேண்டு."

"அதான் பொசுங்கிருச்சு. எளங்கொடிக்கு அம்புட்டு வேகம் ஆகாதுண்ணே. பாதியாக் கொறச்சு அடிங்க. தன்னால துளுத்துரும்."

அவர் போனபின் அந்தக் கருகிய இலையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் விளங்கிவிட்டது. அவள் நல்ல முற்றிய கொடி, முழு மருந்தைத் தாங்குகிறாள். நான் வற்றல் கொடி, எனக்கு மருந்து கூடிப்போய்ப் பொசுங்குகிறது. ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஒருத்தருக்குக்கூட இது தோன்றவில்லையே என்று எனக்கு அவர்கள் மேல் பரிதாபம்கூட வந்தது.

அன்றிலிருந்து பாக்குவெட்டியால் மாத்திரையைப் பாதியாக வெட்டினேன். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி. கூடவே காய்ச்சலுக்கு ஒரு மாத்திரையும் போட்டேன். காய்ச்சல் குறைந்தது. குறைத்தது காய்ச்சல் மாத்திரை என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான் பாக்குவெட்டிக்கு நன்றி சொன்னேன்.

இதோடு நின்றிருந்தால் என்னோடு போயிருக்கும். வீக்கம் குறையவில்லை என்று தெரிந்ததும் வேறொரு யோசனை வந்தது. பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு வைத்தியர் எல்லாவற்றுக்கும் பொடி தருகிறார் என்று யாரோ சொன்னார்கள். மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்தா பாரு, இந்த மாத்திரைய நிறுத்திட்டு நாம ரெண்டு பேரும் தேவாரத்துக்குப் போயிட்டு வருவோம்."

"ரெண்டு பேருமா?"

"ஆமா."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே."

"இன்னைக்குச் செய்யல. நாளைக்கு ஒனக்கும் இங்கன வீங்குச்சுண்டா?"

அக்கறையாகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் எனக்கு வீக்கத்தில் துணை வேண்டியிருந்தது. அவள் மட்டும் கரையேறி நிற்க, நான் மட்டும் தண்ணிக்குள் கிடப்பது பிடிக்கவில்லை. அவள் கீரைக்காம்பை ஒதுக்கி வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் பீரோவைத் திறந்து, பொட்டு வைத்த மூடியைத் திருகி, மாத்திரையை வாயில் போட்டு, சொம்புத் தண்ணியைக் கடகடவென்று குடித்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகக் குடித்த மாதிரி இருந்தது.

மாதம் முடிந்தது. டப்பாக்களை எடுத்துக்கொண்டு தேனிக்குப் போனோம். ஒவ்வொரு தடவையும் மிச்ச மாத்திரையைத் தட்டில் கொட்டி எண்ணுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் புத்திசாலி இல்லையா, என் மொட்டை மூடி டப்பாவில் மிச்சம் அதிகம் இருப்பதற்கு ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன். அந்த டப்பாவின் உடம்பில் எழுதியிருப்பது அவளுடைய நம்பர் என்பதை மறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற பெண் மூடியைப் பார்ப்பதே இல்லை. டப்பாவைத் திருப்பி நம்பரை வாசித்தது. தட்டில் கொட்டியது. மாத்திரைகள் கலகலவென்று விழுந்தன. கடைசியாக ஒரு அரைத் துண்டும் விழுந்தது.

"அக்கா, இது ஒங்க டப்பா. என்ன இம்புட்டு மிச்சம்?"

"இருக்காதேம்மா. ஒரு நாளும் விட்டதில்ல" என்றாள் என் மனைவி.

"எல்லாரும் இதத்தான் சொல்லுறீக." அரைத் துண்டை விரல் நுனியில் எடுத்துக் காட்டியது. "அப்ப இது என்ன, எலி கடிச்சுச்சா?"

என் மனைவி டப்பாவைக் கையில் எடுத்து நம்பரைத் தேடினாள்.

"உடம்பு தேறவும் தைரியம் வந்துருச்சு, அதான? மாத்திரைய இப்படி வெளாட்டாத் தின்னா கிருமிக்குப் பழகிப் போயிரும். அப்பறம் இந்த மருந்து கேக்காது. கேக்காமப் போனா என்ன ஆகும்ண்டு நாஞ் சொல்லணுமா? ஒங்க வீட்டுக்காரரப் பாருங்க." அடுத்த டப்பாவை எண்ணி முடித்திருந்தது. "கணக்கு அச்சடிச்ச மாதிரி இருக்கு. அவருகிட்டக் கத்துக்கங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவளோடு ஒப்பிட்டு என்னைப் புகழ்ந்த முதல் ஆள் அந்தப் பெண்தான். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் போனால் மூடிக்கதை முழுசாகாது. அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரெண்டு மாதமாக அவள் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். இப்போது அவள் தலை குனிந்திருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அவள் தட்டில் கிடந்த அரைத் துண்டைப் பார்த்தாள். மேஜையில் மல்லாந்து கிடந்த இரண்டு மூடிகளைப் பார்த்தாள். பொட்டு வைத்த மூடி என் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள். என் சட்டைக் காலருக்குள் இருந்த தன் சங்கிலியையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நாந்தாம்மா" என்றேன்.

"நீங்க என்ன?"

"பாதியாக்குனது."

"அக்கா மாத்திரையவா?"

"இல்ல, என் மாத்திரைய. ஆனா அக்கா டப்பாவுல."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தது. "அண்ணே, தண்ணி குடிச்சிட்டு நிதானமாச் சொல்லுங்க."

சொன்னேன். மூடி, பொட்டு, திராட்சை இலை, பாக்குவெட்டி எல்லாம். வழக்கமாக நான் கதை சொன்னால் நடுநடுவே சிரிப்புச் சத்தம் கேட்கும். அன்றைக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. வீக்கம் என்றதும் காலரை விலக்கச் சொன்னது.

"இது என்ன சங்கிலி?"

"பொன்னுக்கு வீங்கிக்கு."

அது சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். எழுந்து நின்று, என் மனைவியின் தோளில் கை வைத்து, "மன்னிச்சுக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டு, டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டது.

டாக்டர் கழுத்தை அழுத்திப் பார்த்தார். ஊசி போட்டு நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சாயங்காலம் முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். கழுத்து நிணநீர்க் கட்டியில் காசநோய்க் கிருமி.

"முன்னால எக்ஸ்ரே, சளி எல்லாம் பாத்தீங்களே சார்? ஒண்ணும் இல்லண்டீக."

"வெளிய தெரியல. கிருமி உள்ள ஒளிஞ்சு இருந்திருக்கு. உங்க உடம்புல அதை எதிர்க்க ஆள் இல்ல. சண்டை இல்லன்னா வீக்கமும் இல்ல. இந்த மாத்திரை போட ஆரம்பிச்சதும் உடம்புக்குத் தெம்பு வந்துச்சு. வந்த வேகத்துல, ஒளிஞ்சிருந்த கிருமியக் கண்டுபிடிச்சு அடிக்குது. அந்தச் சண்டைதான் காய்ச்சல், அந்தச் சண்டைதான் வீக்கம்."

"அப்ப மாத்திர எனக்கு ஒத்துக்கிடலண்டு அர்த்தம் இல்லையா?"

"வேலை செஞ்சதாலதான் வீங்குச்சு. ரொம்ப பலம் கொறஞ்ச பிறகு மருந்து ஆரம்பிக்கிறவங்கள்ல சிலருக்கு இப்படி வரும். வந்தா இங்க வரணும். பாக்குவெட்டி எடுக்கக் கூடாது."

"எங்க வீட்டம்மாவுக்கு ஏன் வரல?"

"அவங்களுக்குத் தெம்பு முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சு. உள்ள ஒளிஞ்ச ஆளும் இல்ல. யாரோட சண்டை போடுறது?"

வீட்டில் என்னோடுதான் என்று சொல்ல வந்தேன். அவள் பக்கத்தில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

காசநோய்க்குத் தனி மாத்திரை எழுதினார். அதில் ஒன்று, எங்கள் பழைய மாத்திரையின் வேகத்தை உடம்புக்குள் குறைத்துவிடுமாம். அதனால் காசநோய் மருந்து முடிகிறவரை, அந்தப் பழைய மாத்திரையில் இருக்கிற முக்கியமான மருந்தை மட்டும் தனியாக இன்னொரு வேளையும் போடவேண்டும். பாதியாகக் குறைத்தவனுக்கு இரண்டு வேளையாக ஆக்கிக் கொடுத்தார்கள். மூன்று டப்பாவோடு வெளியே வந்தேன். அவள் கையில் ஒன்றே ஒன்று. பையைத் தூக்கியபோது, வெட்கம்கெட்ட மனசு, எனக்குத்தான் அதிகம் என்று ஒரு நொடி பெருமைப்பட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். வீரபாண்டி தாண்டியதும் பேச்சை நான்தான் தொடங்கினேன்.

"கேட்டேல்ல? ஒன் உடம்புல சண்டையே இல்லையாம். என் உடம்புலதான் பெரிய சண்டையாம். அம்புட்டுத் தெம்பு வந்துருக்கு."

"சங்கிலியக் குடுங்க" என்றாள், வெளியே பார்த்தபடி.

கழற்றிக் கொடுத்தேன். பஸ்ஸிலேயே போட்டுக்கொண்டாள். எங்களுக்குப் பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா, இந்த மனுஷன் கழுத்திலிருந்து ஏன் சங்கிலி போகிறது என்று எட்டி எட்டிப் பார்த்தது.

வீக்கம் உடனே அடங்கவில்லை. முதலில் இன்னும் கொஞ்சம் பெருத்தது. பயந்துபோய் இந்தமுறை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இதுவும் வருவதுதான் என்று சொல்லி, சண்டையைக் கொஞ்சம் தணிக்க வேறொரு மருந்து சில வாரம் கொடுத்தார்கள். காசநோய் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. பிறகு மெல்ல மெல்ல எலுமிச்சம்பழம் நெல்லிக்காயானது, நெல்லிக்காய் பட்டாணியானது. காய்ச்சல் நின்றது. பசி வந்தது. அரிசி வாங்கி வரும் நாள் தள்ளிப் போகாமல் முன்னால் வர ஆரம்பித்தது. தைக்கிற பெண் ஒருநாள், "அண்ணனும் தேறிட்டாகளே" என்றபோது, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

பாய் இன்னும் சீனி போடுவதில்லை. வீக்கம் இறங்கியது சங்கிலியால்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். நான் மறுக்கவில்லை.

பொறாமை முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டால், அதுவும் பட்டாணி அளவுக்கு இருக்கிறது. அவள் வருஷத்துக்கு ஒருமுறைகூட இருமுவதில்லை. எனக்குக் கழுத்தில் கை வைக்காமல் தூக்கம் வருவதில்லை, எங்கே மறுபடி ஏதாவது தட்டுப்படுமோ என்று.

போன மாதம் புது டப்பாக்கள் வந்த அன்றைக்கு அவள் பீரோ பக்கத்தில் உட்கார்ந்து பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் மூடியில் ஒன்று, டப்பா உடம்பில் ஒன்று, அடியில் ஒன்று. நல்ல நேரமாகத் தெரிந்தது. அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிடலாம் என்று தோன்றியது. உங்களைப் பிடித்து நிறுத்தியிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், உங்கள் கூடவே வந்திருப்பேன், இப்படி ஏதாவது.

"ஒருவேள அன்னைக்கு நான் மாத்திரைய அடியோட நிறுத்திட்டு தேவாரத்துக்குப் போயிருந்தா, நீ என்ன செஞ்சிருப்ப?"

அவள் கடைசிப் பொட்டைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டினாள். ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள்.

"நீங்க செத்தா அழுவேன்" என்றாள். "ஆனா எம் மாத்திரைய நிறுத்த மாட்டேன்."